குலுக்கினது போதாது

சான்பிரான்சிஸ்கோவில் கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவர் முழுக்க லாவா விளக்குகள். உள்ளே மெழுகு குமிழ் குமிழாக ஏறி இறங்குவதை ஒரு கேமரா படம் எடுத்துக்கொண்டே இருக்கும். இணையத்தில் போகும் தகவலைப் பூட்டும் குறியாக்கத்துக்கு யாரும் ஊகிக்க முடியாத (ரேண்டம்) ரகசிய எண்கள் வேண்டும். அவற்றைப் போடத் தொடங்க அந்தப் படங்களும் ஒரு விதை. இதை யாராவது பகிர்ந்தால் கீழே கட்டாயம் ஒரு கருத்து வரும்: "கம்ப்யூட்டர் போடுவது போலி, இயற்கை கொடுப்பதுதான் அசல் ரேண்டம்."

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். சூத்திரத்தால் போடும் எண்களில் முதல் விதை தெரிந்தவனுக்கு மீதியும் தெரிந்துவிடும், சரி. ஆனால் இயற்கை பாரபட்சம் பார்க்காது என்று யார் சொன்னது?

1969 டிசம்பர் 1. வியட்நாம் போர்க்காலம். ராணுவத்துக்கு யாரை முதலில் அழைப்பது என்று அமெரிக்காவில் குலுக்கல். 366 பிறந்த தேதிகள், ஒவ்வொன்றும் ஒரு நீல பிளாஸ்டிக் குப்பிக்குள். சூத்திரமெல்லாம் இல்லை, கையை விட்டு எடுப்பதுதான். ஆனால் குப்பிகளை ஜனவரியில் தொடங்கி மாத வரிசைப்படி பெட்டியில் போட்டிருந்தார்கள். சரியாகக் கலக்கவும் இல்லை. டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு முன்வரிசை எண்கள் அளவுக்கு மீறி விழுந்தன. அடுத்த ஆண்டு தேதிக்கு ஒரு உருளை, எண்ணுக்கு ஒரு உருளை என்று மாற்றினார்கள். அதற்குள் முதல் பட்டியல்காரர்களுக்கு அழைப்பு போய்விட்டது.

கதிரியக்கத்திலிருந்து எண் எடுத்தால் அப்படி ஏமாற்றாதே என்பீர்கள். அணு எந்த நொடியில் சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாதுதான். அளக்கிற கருவி நாம் செய்தது அல்லவா? அது 0-ஐவிட 1-ஐக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். இதற்கு 1951-இல் கணித மேதை வான் நாய்மன் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கருவி தரும் 0, 1-களை, அதாவது பிட்டுகளை, ஜோடி ஜோடியாக எடுங்கள். 00, 11 என்றால் தூக்கிப் போடுங்கள். 01 வந்தால் 0, 10 வந்தால் 1. கருவி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும், ஒரு பிட் அடுத்ததைப் பாதிக்காதவரை, இந்த இரண்டுக்கும் வாய்ப்பு சமம். ஜோடிகளில் பாதியாவது வீணாகும், போகட்டும்.

லாவா விளக்குப் படமும் நேராக எண்ணாகிவிடாது. ஹாஷ் செய்து, அதாவது சூத்திரத்தால் அடையாளம் தெரியாமல் அரைத்து, வேறு மூலங்களோடு கலந்த பிறகுதான். இன்டெல் 2012-இலிருந்து சிப்புக்குள்ளேயே வெப்ப இரைச்சலை, அதாவது சூட்டினால் மின்சுற்றில் எழும் சிறு தாறுமாறான ஆட்டத்தை, பிடிக்கிறது. அதையும் சலித்த பிறகே வெளியே விடுகிறது. லினக்ஸ் இயங்குதளம் அதையும் முழுசாக நம்பாமல் மற்ற இரைச்சல்களோடு சேர்த்துக் கலக்குகிறது. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை, அதனால்தான் யாரும் பகிர்வதில்லை போல.