ஆமைக்குஞ்சோடு படம் எடுத்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆமைக்குஞ்சு விடும் விழாவைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிக்கு இத்தனை பேருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிறப்பு விருந்தினர் பங்குனி ஆமை என்ற கடலாமையின் குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி, கண்கூசும் விளக்கின் முன் நின்ற படத்தை எல்லோரும் பார்த்தீர்கள். கடல்மேல் படரும் மெல்லிய வெளிச்சத்தை வைத்துத் திசை அறியும் உயிரின் முகத்தில் விளக்கைப் பாய்ச்சிவிட்டு, அதற்கு விழிப்புணர்வு என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

நான் சொன்னது ஒன்றுதான். தாயைச் சாகவிட்டுவிட்டுக் குஞ்சை விடுவது பாதுகாப்பு ஆகாது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் 1,000-க்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டிய உயிர், விசைப்படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலைக்குள் சிக்கி நெடுநேரம் இழுபட்டால் வேறு என்ன ஆகும்? அந்த மாதம் நீலாங்கரைப் பக்கம் ஒன்றை அருகில் நின்று பார்த்தேன். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி, நாய் கிழித்த வயிற்றுக்குள் முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. அதன் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

“மீனவர் வயிற்றில் அடிக்கிறீர்களா?” என்று கேட்கிறார் ஒருவர். ஐயா, கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் விசைப்படகு இழுவைமடி போடக்கூடாது என்ற விதி, சிறிய ஃபைபர் படகில் போகிறவரின் பிழைப்பையும் சேர்த்துத்தான் காக்கிறது. வலையில் மாட்டிய ஆமைக்காகத் தன் வலையையே அறுத்துவிட்ட அண்ணனை எனக்குத் தெரியும். அவரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மீன் தின்கிறவனுக்கு ஆமைப்பாசம் எதற்கு என்றவருக்குப் பதில் கிடையாது.

குழந்தைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டுமே என்பது நியாயம்தான். 1988 முதல் சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். பிள்ளைகளை அவர்களோடு அனுப்புங்கள். ஆனால் ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் பெரிதாகிறது என்பார்கள். அப்படித் தப்பிப் பிழைத்து, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து முட்டையிட வரும் தாயைக் கரைக்கு எதிரிலேயே மூழ்கடித்துவிட்டு, யாருக்காகக் கைதட்டுகிறோம்?

“ஆமை புகுந்த வீடு உருப்படாது, உன் வீட்டைப் பார்த்தாலே தெரிகிறது” என்று எழுதியவர் என் வீட்டில் சாப்பிட்டவர். அதை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

வலைக்குள் போன ஆமை வெளியேற வழிவிடும் கருவி காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எத்தனை விசைப்படகுகளில் இருக்கிறது என்று அந்தச் சிறப்பு விருந்தினர் ஒருமுறை கேட்டுச் சொல்லட்டும். அவருடைய படத்துக்கு முதல் விருப்பக்குறியை நானே இடுகிறேன்.