‘வந்துட்டாக’வைத் திருத்தாதீர்கள்

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் தமிழில் நன்றாகவே தேறிவிட்டன. சந்தோஷம்தான். ஆனால் வட்டார வழக்கை ஆராய அவற்றை அப்படியே நம்பி இறங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சிவகங்கைப் பக்கத்துப் பாட்டி ஒருவர் “அவுக நேத்தே வந்துட்டாக” என்கிறார். திரையில் “அவங்க நேத்தே வந்துட்டாங்க” என்று விழுகிறது. சேதி மாறவில்லை. ஆனால் ஆய்வாளருக்கு வேண்டியது அந்த ‘ஆக’ விகுதி. அதுதான் காணாமல் போகிறது. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற கணினி மாதிரிகள் ஒலியை மட்டும் பார்ப்பதில்லை. அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்றும் கணக்குப் போட்டு, பயிற்சியில் அதிகம் பார்த்த வடிவத்தின் பக்கம் சாய்கின்றன. இவை எவ்வளவு சரியாக எழுதுகின்றன என்று மதிப்பெண் போடும் முறை இன்னும் மோசம். ஒப்பிட வைத்திருக்கும் பிரதியிலேயே யாரோ ‘வந்துட்டாங்க’ என்று திருத்தி வைத்திருந்தால், வழக்கை அழித்த இயந்திரத்துக்கு முழு மதிப்பெண். ‘வந்துட்டாக’ என்று ஒழுங்காகக் கேட்டு எழுதியதற்குப் பிழைக் கணக்கு!

கணினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில், ஒரே சொல்லை இரண்டு ஊரார் சொல்லும்போது எத்தனை ஒலி மாறுகிறது என்று எண்ணி, பல சொற்களுக்குச் சராசரி எடுத்து, ஊர்களின் பேச்சுத் தூரத்தை வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள். அருமையான வேலை. நமக்கும் அது வேண்டும். ஆனால் சிவகங்கையின் ‘வந்துட்டாக’, நெல்லையின் ‘வந்துட்டாவ’ இரண்டையும் ‘வந்துட்டாங்க’ ஆக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், இரண்டு ஊருக்கும் தூரமே இல்லை என்றுதான் விடை வரும்.

கிரியர்சன் தலைமையில் 1894 முதல் 1928 வரை நடந்த இந்திய மொழியியல் அளவாய்வு சென்னை மாகாணத்தைச் சேர்க்கவே இல்லை. அன்று விட்டதைப் பிடிக்க இப்போது வழி இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு ‘இண்டிக்வாய்ஸஸ்’ தொகுப்பில் மாவட்டம் மாவட்டமாகப் போய் இயல்பான பேச்சைப் பதிந்திருக்கிறது. பேசியபடி ஒரு பிரதி, சீராக்கிய பிரதி ஒன்று என இரண்டையும் வைத்திருக்கிறது. இதுதான் சரியான வழி.

அப்புறம், மாவட்டம் மட்டும் குறித்தால் போதாது. சிவகங்கைக்குள்ளேயே காரைக்குடிப் பேச்சும் இளையான்குடிப் பேச்சும் ஒன்றல்ல. எந்த வட்டம், என்ன வயது, பிறந்தது எங்கே, வாக்கப்பட்டு வந்தது எங்கே என்பதெல்லாம் பதிவோடு சேர்ந்து வரவேண்டும். கேட்டு எழுதுபவரும் அந்தப் பக்கத்து ஆளாகவே இருக்கட்டும். அந்த வேலைக்கு நல்ல சம்பளமும் கொடுக்க வேண்டும்.