பூண்டைக் கருக்கிவிட்டுக் கீரை மேல் பழி போடாதீர்கள்

இன்றைக்கும் ஒரு வீடியோ. ஐந்தே நிமிடத்தில் அரைக்கீரைப் பொரியலாம். எண்ணெய் புகைகிறது, கடுகு படபடவென்று வெடிக்கிறது, அதே வேகத்தில் நசுக்கிய பூண்டு அத்தனையும் உள்ளே. கண் மூடித் திறப்பதற்குள் ஓரம் பழுப்பு. அப்போதுதான் வீடியோவில் சமைக்கிறவர் வெங்காயத்தை எடுத்துத் தோல் உரிக்க ஆரம்பிக்கிறார்! பூண்டு கறுக்கிறது, இவர் உரிக்கிறார். பூண்டு கரிகிறது, இவர் பொறுமையாக நறுக்குகிறார். ஐயா, அடுப்பையாவது அணைத்துத் தொலையுங்கள்!

கடுகு வெடிக்கிற சூடு பூண்டுக்கு ஆகவே ஆகாது. அதில் சர்க்கரைச் சத்து இருக்கிறது. நசுக்கினால் துணுக்குத் துணுக்காகி இன்னும் சீக்கிரம் கருகும், கருகினால் கசக்கும். அந்தக் கசப்பு எண்ணெயில் இறங்கிவிட்டால் எத்தனை கைப்பிடி தேங்காய்த்துருவல் போட்டாலும் போகாது. கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்ததும் தீயைக் குறையுங்கள். இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, பத்து சின்ன வெங்காயம். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் பூண்டு. ஒரு கட்டுக் கீரைக்கு 8 முதல் 10 பல், ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். வெங்காயத்தின் ஈரம் பூண்டைக் காப்பாற்றும். பச்சை வாடை போய், ஓரம் பொன்னிறம் காட்டின நொடியில் கீரையைக் கொட்டணும். இதிலே என்ன கஷ்டம்?

கீரைக்கு நடந்தது அதைவிட அநியாயம். நறுக்கிவிட்டுக் கழுவுகிறார். சத்தும் ருசியும் தண்ணீரோடு போச்சு. முழுசாக, அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையைக் கையால் அள்ளி வெளியே எடுக்கணும். மண் அடியில் தங்கும். பாத்திரத்தை அப்படியே வடிதட்டில் கவிழ்த்தால் அந்த மண் திரும்பக் கீரை மேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றி, நன்றாக வடியவிட்டு, அப்புறம் நறுக்குங்கள்.

வாணலியில் கோபுரமாக நிற்கிற கீரையைப் பார்த்து உப்பு போடுகிறார், இரண்டு ஸ்பூன்! அது வதங்கினால் ஒரு கிண்ணம்கூடத் தேறாதே. சுருங்கின பிறகு அரை டீஸ்பூன் போட்டு ருசி பாருங்கள். அதோடு விட்டாரா? ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வேறு போடுகிறார். அலசின ஈரமே அரைக்கீரைக்குப் போதும். முற்றின தண்டு இருந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்தால் தாராளம். மூடினால் கீரையிலிருந்து ஆவியோடு வருகிற அமிலம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிப் பச்சையத்தைக் கெடுக்கும். பச்சைப் பசேலென்று இருந்தது பாசி நிறத்துக்குப் போவது அதனால்தான். திறந்தே வைத்து, ஐந்தாறு நிமிடம் கிளறி, தண்ணீர் வற்றினதும் இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த்துருவல் தூவி இறக்க வேண்டியதுதான். நிறத்துக்காகச் சோடா உப்பு போடச் சொல்கிறவர்கள் தனி ரகம். நிறம் நிற்கும், கீரை கூழாகும், வைட்டமினும் போகும்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் சொல்கிறார்: "கீரை லேசா கசக்குது, நல்ல கீரையா பார்த்து வாங்குங்க." அடப் பாவமே! கீரை என்ன செய்தது? விடியக் கருக்கலில் பறித்துக் கட்டிச் சந்தைக்கு அனுப்பினவர் என்ன செய்தார்? கசந்தது உங்கள் பூண்டு! இதைப் பார்த்துச் சமைக்கிற வீட்டுப் பிள்ளை ஜென்மத்துக்கும் கீரையைத் தொடுமா?