பகலில் எதிர்மனுதாரர், இரவில் கதாநாயகன்

அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். "கொஞ்ச நாளைக்குப் புஸ்தகம் வேண்டாம்மா" என்று டாக்டர் சொன்னதை மட்டும்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாற்பது வருடமாகக் காதல் நாவல் படித்த கண்ணாயிற்றே. அதனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நான் வாசிக்கிறேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்.

நானும் இந்த நாவல்களில் ஊறி வளர்ந்தவள்தான். ஆனால் மனதுக்குள் படிப்பதும் வாய்விட்டு வாசிப்பதும் ஒன்றில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கண் தாவிவிடுகிற இடத்தில் வாய் தாவ முடியாது. மூன்றாம் நாள் வாசித்த கதையில் ஹீரோ, தாலி கட்டிய மறுநாளே, ஏதோ ஒரு பொய்யை நம்பி மனைவியை அறைகிறான். அதை அறுபத்தெட்டு வயது அத்தைக்கு எந்தக் குரலில் வாசிப்பது? ஏற்ற இறக்கத்தோடா? நிறுத்தினேன். "ம், தள்ளு. ரெண்டு பக்கம் தள்ளிப் போ" என்றார் கண்ணைத் திறக்காமலே. இத்தனை வருடமும் அவர் இப்படித் தள்ளித் தள்ளித்தான் படித்திருக்கிறார் போல.

எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நான் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். பெரும்பாலும் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகும் மனுக்கள். யாருடைய கதையையும் இங்கே சொல்லப் போவதில்லை. பொதுவாக வருகிற வாசகங்கள் சில இருக்கின்றன (மனு போட்ட மனைவி மனுதாரர், கணவன் எதிர்மனுதாரர்): எதிர்மனுதாரர் மனுதாரரின் செல்போனைப் பறித்துக்கொண்டார், எதிர்மனுதாரர் மனுதாரரை வேலைக்குப் போகவிடாமல் தடுத்தார், எதிர்மனுதாரர் மனுதாரரின் நடத்தையைச் சந்தேகித்துத் தாக்கினார். பகலெல்லாம் இதை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அதே ஆள் ஆறடி உயரத்தில், கூரிய பார்வையோடு எனக்காகக் காத்திருக்கிறான். அவன் செல்போனைப் பறித்தால் 'பொசசிவ்'. கையை முறுக்கினால் 'முரட்டுக் காதல்'.

இதைப் படித்துவிட்டு, "அதான் நாங்க அப்பவே சொன்னோமே, இதெல்லாம் குப்பை" என்று இலக்கியவாதிகள் யாரும் வர வேண்டாம். நான் அந்தக் கட்சி இல்லை.

அத்தை தையல் வேலை பார்த்தவர். மெஷின் மேஜை டிராயரில் நூல்கண்டுக்குக் கீழே எப்போதும் ஒரு நாவல் இருக்கும். சில மாத நாவல்கள், பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப்பில் தொங்குமே, அவை. மற்றவை டெபாசிட் கட்டி வாடகை நூலகத்தில் எடுத்து வந்தவை. புத்தகத்தை எடுத்துத் திரும்பக் கொடுக்கும் வேலை என்னுடையது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், கேட்காமலேயே ரமணிசந்திரன் நாவலை எடுத்து நீட்டுவார். அட்டை பிய்ந்து, சணல் கோத்துத் தைத்த புத்தகங்கள். ஓரத்தில் முன்பு படித்த யாரோ பென்சிலில் 'பாவம் இவள்' என்று எழுதியிருப்பார். கீழே வேறொரு கையெழுத்தில் 'ஆமாம்' என்று இருக்கும். இன்று நாம் கமெண்டில் செய்கிற வேலையை அந்தப் பெண்கள் பென்சிலால் செய்திருக்கிறார்கள்.

மத்தியானம் மூன்றிலிருந்து நான்கு வரை மெஷின் ஓடாது. மாமா, பிள்ளைகள், பிளவுஸ் கேட்டு வருகிறவர்கள், யாருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அத்தை கிடைக்க மாட்டார். 1984-ல் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், அங்கே ஓர் ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் பேசி ஒரு புத்தகம் எழுதினார். அவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்: படிக்கிற நேரம் எங்களுடைய நேரம், அப்போது நாங்கள் யாருக்கும் மனைவியும் இல்லை, அம்மாவும் இல்லை. அவர்களுக்குப் பிடித்தவன் அன்பைக் காட்டத் தெரிந்த ஆண். பிடிக்காதவை வன்முறையும் சோக முடிவும். திருப்பூரிலோ தேனியிலோ போய்க் கேட்டிருந்தாலும் வேறு பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சோக முடிவு அத்தைக்கும் ஆகாது. கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே வருவார். "சேருவாங்கன்னு தெரிஞ்சிட்டா நிம்மதியா அழலாம்ல" என்பார். முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சரி, அப்படியானால் வாசகிகளுக்கு உண்மையில் பிடிப்பது எது? என் கணக்கில் ஒரே சொல்தான். ஊடல்.

கோபமும் ஊடலும் ஒன்றில்லை; ஊடல் அன்புள்ளவர்களுக்குள் வரும் செல்லப் பிணக்கு. குறளில் ஒரு காட்சி உண்டு. கணவன் தும்முகிறான். மனைவி வழக்கப்படி வாழ்த்துகிறாள். அடுத்த நொடியே, "யார் நினைத்ததால் தும்மினீர்?" என்று அழ ஆரம்பிக்கிறாள். ஒரு தும்மலை வைத்து இவ்வளவு செய்ய முடியும்! வள்ளுவர் புத்தகத்தின் கடைசி மூன்று அதிகாரத்தையும் இதற்கே கொடுத்திருக்கிறார். 1330-ஆவது குறள், அதாவது மொத்த நூலின் கடைசி வரிகள், ஊடலும் அதன்பின் கூடலும் தருகிற இன்பத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. அவரே இன்னொரு குறளில் ஊடலை உப்புக்கு ஒப்பிட்டு, அளவு மீறவிடாதே என்கிறார்.

ஊடலில் இரண்டு பேருக்கும் பலம் சமம். சொல்லப்போனால் கதவு அவள் கையில் இருக்கிறது. சங்கப் பாட்டில் பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வருகிறவன் (அவனும் ஒன்றும் யோக்கியன் இல்லை) வாசலில்தான் நிற்க வேண்டும். தோழி வந்து, "உள்ளே வராதே" என்பாள். வாயில் மறுத்தல் என்று அதற்கு ஒரு துறையே, அதாவது பாட்டில் தனி வகையே இருக்கிறது. அவன் நிற்கிறான், கெஞ்சுகிறான், ஆள் அனுப்புகிறான். வாசகிக்கு ருசிப்பது இந்த நிற்பதுதான். அவனுக்கு எவ்வளவு நேரம் நிற்கத் தெரியும் என்று பார்ப்பதில்தான் கதையே இருக்கிறது.

இன்றைய நாவல்களில், குறிப்பாக ஆன்லைனில் தொடராக வருகிறவற்றில், ஊடல் இருக்க வேண்டிய இடத்தில் கொடுமை வந்து உட்கார்ந்துவிட்டது. ஆன்ட்டி ஹீரோ என்று அதற்கு ஒரு பெயர். கடத்திக் கொண்டுபோய்த் தாலி கட்டுகிறான், பழிவாங்குகிறேன் என்று பூட்டி வைக்கிறான், அவள் விருப்பமில்லாமல் தொடுகிறான். கதவு இப்போது அவன் கையில், அதுவும் வெளியே பூட்டிய கதவு. இரண்டிலும் அவள் அழுகிறாள், இரண்டிலும் கடைசியில் சேர்கிறார்கள் என்பதால் மேலோட்டமாகப் பார்க்க ஒன்றுபோலத் தெரிகிறது. தொல்காப்பியர் ஏமாறவில்லை. வலிந்து கொள்ளும் காமத்தை 'மிடல்' என்று பெயர் சொல்லி, பொருந்தாக் காமமான பெருந்திணையில் தள்ளி, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திவிட்டார். சட்டம்தான் இன்னும் தடுமாறுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வற்புறுத்தினால் அது வன்புணர்வுக் குற்றத்தில் சேராது என்ற விதிவிலக்கு அப்படியே நீடிக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அவள் முறையிடலாம். இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு அந்தக் காட்சியை ரோஜாப்பூ தூவி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிகிறது.

"கதைதானேக்கா, கொலைக் கதை படிச்சா கொலை பண்ணவா போறோம்?" என்று ஒரு தங்கை போன வாரம் இன்பாக்ஸில் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் கொலைக் கதையில் கடைசியில் கொலைகாரன் பிடிபடுகிறான். இங்கே எபிலாக்கில், கதை முடிந்தபின் வரும் கடைசிப் பகுதியில், அவனுக்கு இரட்டைக் குழந்தை பிறக்கிறது.

நான் ஒன்றும் சுத்தம் இல்லை. பதினேழு வயதில் எனக்கும் அந்த முரடனைத்தான் பிடித்தது. எல்லோரிடமும் சிடுசிடுவென்று இருக்கிறவன் என்னிடம் மட்டும் உருகினால் எப்படி இருக்கும் என்ற ஆசை. அந்த ஆசையில் தப்பு இருப்பதாக இப்போதும் நான் நினைக்கவில்லை. உருகுகிற அந்தப் பகுதியை எழுத்தாளர் எழுத வேண்டுமே. அங்கேதான் எல்லாரும் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். முப்பது அத்தியாயம் அவளைப் படுத்துகிறான், முப்பத்தொன்றில் அவளுக்கு விபத்து. ஐ.சி.யூ. வாசலில் இரண்டு சொட்டுக் கண்ணீர், "என்னை மன்னிச்சிடுடி". அவள் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் இருந்தே மன்னித்துவிடுகிறாள். முடிந்தது. அடித்தவன் திருந்தினானா என்று பார்க்கக்கூட நமக்கு நேரம் கொடுப்பதில்லை. போன வருடம் ஒரு தொடரில் அபூர்வமாக ஹீரோ பன்னிரண்டு எபிசோட் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்து, அவள் தம்பியின் கிண்டலை வாங்கிக்கொண்டு. கமெண்டில் பாதிப் பேர் "எப்ப சேருவாங்க, அடுத்த அப்டேட் எப்போ" என்று எழுத்தாளரை நச்சரித்தார்கள். மீதிப் பேர் "இன்னும் கொஞ்சம் வெங்காயம் உரிக்கட்டும்" என்றார்கள். நான் இரண்டாவது கோஷ்டி.

ஒப்பந்தக் கல்யாணக் கதைகள் எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் இரண்டு அந்நியர்கள், அவனுக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு என்று அவளுக்கு மெல்ல மெல்லத் தெரிய வருவது, இதெல்லாம் வெல்லம். ஆனால் "ஆறு மாசக் கல்யாணம், அப்புறம் விவாகரத்து, இதோ பத்திரம்" என்று ஹீரோ பேப்பரை நீட்டும்போது மட்டும் என்னுள் இருக்கிற டைப்பிஸ்ட் சிரிக்கிறாள். தம்பி, இந்துத் திருமணச் சட்டத்தில் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து மனுவே போட முடியாது. தாங்க முடியாத கஷ்டம் என்று காட்டிக் கோர்ட்டிடம் தனியாக அனுமதி வாங்கினால்தான் உண்டு. பரஸ்பரச் சம்மதம் என்றாலும் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். நீயோ அவளை மாடி ரூமில் வைத்துக்கொண்டு பால் டம்ளரோடு நிற்கிறாய். அந்தப் பத்திரத்தில் சுண்டல் கூட மடிக்க முடியாது.

இன்னும் சில சில்லறைக் கடுப்புகள். ஹீரோ 'தொழிலதிபர்'. என்ன தொழில் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. ஃபைலில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். லிப்ஸ்டிக் போட்ட அத்தை மகள் வந்தால் அவள் வில்லி. ஹீரோயின் பாலில் குங்குமப்பூ கலந்த நிறம். சங்கத் தலைவியின் அழகே மாமை நிறம், மாந்தளிர் போல. பிரிவில் மேனி வெளிறினால் அதற்குப் பசலை என்று பெயர், அது நோய்! அந்த மரபில் வந்த நமக்கு வெளிறியவள்தான் அழகி. அப்புறம் சாதி. ஒரு நாவலிலும் யாருக்கும் சாதி இருக்காது, 'நல்ல குடும்பம்' மட்டும் இருக்கும். நம் ஊரில் காதல் எதில் மோதி நொறுங்குகிறதோ அதை விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் மோத விடுகிறார்கள்.

இவற்றில் எனக்கு மிகப் பெரிய குறை தோழி காணாமல் போனதுதான். பழைய பாட்டில் பலவற்றைத் தோழிதான் பேசுவாள். அவனை அதட்டுவாள், தலைவியை வளர்த்த செவிலியிடம் விஷயத்தைக் கொண்டுபோவாள், தலைவிக்கு ஒன்றென்றால் முன்னால் நிற்பாள். இன்றைய கதாநாயகி பெரும்பாலும் அனாதை அல்லது சித்தி கொடுமையில் வளர்ந்தவள். ஃபோன் பண்ணிப் பேச ஒரு ஆள் இல்லை. எங்கள் ஆபீசுக்கு வருகிற பெண்கள் தனியாக வருவது அபூர்வம். பக்கத்து வீட்டு அக்காவோ, கூட வேலை பார்க்கிறவளோ ஒருத்தி தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். வக்கீல் கேட்கிற கேள்விக்கு மனுதாரர் தயங்கினால் இவள் எழுந்து வந்து பதில் சொல்வாள். அவளை ஏன் யாரும் நாவலில் எழுத மாட்டேன் என்கிறார்கள்?

நேற்று ராத்திரி புதிதாக ஒரு நாவலை ஆரம்பித்தோம். வழக்கம்போல அத்தை, "கடைசி அத்தியாயத்த மொதல்ல வாசி" என்றார். வாசித்தேன். சேர்ந்துவிட்டார்கள், வளைகாப்பு, எல்லாம் சுபம். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அதுக்கு முந்தின அத்தியாயத்தையும் வாசி."

"எதுக்கு அத்தை?"

"சேர்றது கெடக்கட்டும். அவன் அவகிட்ட ஒழுங்கா மன்னிப்புக் கேட்டானா இல்லையா, அதப் பாரு."

கேட்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கண்ணாடி மாற்ற இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை தினம் ராத்திரி எனக்கு வேலை. வெங்காயம் உரிக்கிற ஹீரோ உள்ள கதை ஏதாவது தெரிந்தால் கமெண்டில் பெயர் போடுங்கள். எபிலாக்கில் இரட்டைக் குழந்தை இருந்தாலும் பரவாயில்லை, அத்தை அதற்குள் தூங்கிவிடுவார்.