பிறந்த தேதியில் என்ன சரக்கு?

நேற்றைய கருத்தரங்கு பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன், மூன்றாவது வரிசையில். பெண் விஞ்ஞானிகளைப் பற்றி "சரக்கு இருந்தா 45-க்குள்ள பட்நாகர் வாங்கியிருப்பாங்களே" என்று ஒரு பேராசிரியர் சொன்னதைவிட, கூடவே அரங்கம் சிரித்ததுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

45 வயதுக்குட்பட்ட விஞ்ஞானிகளுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதை 1958-லிருந்து தருகிறார்கள். இப்போது விஞ்ஞான் யுவா என்று முன்னால் ஒரு பெயரை ஒட்டி, ரொக்கத்தையும் எடுத்துவிட்டார்கள், அந்த 45 மட்டும் அசையவில்லை. வயது வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, திரித்துவிடாதீர்கள். எண்ண வேண்டியது பிறந்த தேதியிலிருந்தா, ஆராய்ச்சி செய்த வருஷங்களையா? ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில் இளம் ஆய்வாளர்களுக்கு நிதி கொடுக்கும்போது பிஎச்டி முடித்த நாளிலிருந்து கணக்குப் போடுகிறது, தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் அவகாசம் சேர்த்துத் தருகிறது. அங்கே என்ன, சரக்கில்லாதவர்களுக்கா அள்ளிக் கொடுக்கிறார்கள்?

"யமுனா கிருஷ்ணன் வாங்கலையா?" என்று வருவீர்கள், தெரியும். வாங்கினார், 2013-ல், நாற்பது முடியுமுன்னே. டிஎன்ஏவைக் கொண்டே செல்லுக்குள் அமிலத்தன்மையை அளந்தவர், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் (டபிள்யூசிசி) படித்தவர், எனக்கும் பெருமைதான். சரி, வேதியியலில் அவருக்கு முன்னால் வாங்கிய பெண்கள் யார்? அசீமா சாட்டர்ஜி, 1961-ல்; அப்புறம் சாருசீதா சக்ரவர்த்தி, 2009-ல். அந்த இருவருக்கும் நடுவில் 48 வருஷம் ஒருத்திக்கும் சரக்கில்லையா?

என் கதையைச் சொன்னால் புலம்பல் என்பீர்கள், பரவாயில்லை. எட்டாவது மாதம், சென்னை மே வெயில், நான் கோல்டு ரூமில் 4 டிகிரியில் என்ஸைம் பிரித்துக்கொண்டிருந்தேன். கணவருடைய ஸ்வெட்டர், வயிற்றுக்கு மேல் பொத்தான் எட்டாது. கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கும், டியூப் மாற்றிக்கொண்டே நிற்க வேண்டும். பிரசவத்துக்குப் போனவள் திரும்ப மூன்று வருஷமானது. வந்து பார்த்தால் மைனஸ் 80 ஃப்ரீசரில் என் சாம்பிள் பெட்டியைக் காணோம். "இடம் பத்தலை மேடம், எடுத்துப் போட்டுட்டோம்." மறுபடி முதலிலிருந்து. அந்த வருஷங்களில் ஆராய்ச்சி நின்றது, வயது நிற்கவில்லையே.

ஆண்களுக்கும் கஷ்டம் உண்டாம். உண்டு, அதை அவர்கள் எழுதட்டும்.

இத்தனைக்கும் அந்தப் பேராசிரியரும் பட்நாகர் வாங்கியவர் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு ராத்திரி ஜுரம் வந்தால் யார் சார் விழித்திருந்தது என்று கேட்கக் கையைத் தூக்கினேன். மைக் எங்கள் வரிசைப் பக்கம் வரவேயில்லை.