"உக்காந்து பாக்குற வேலைதானே" என்று இனி சொல்லாதீர்கள்

சேலம் பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளையில் தறி ஓட்டுகிறவர் தோள் வலிக்கிறது என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதே ஊரில் சேலைக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற பையன் கண் எரிகிறது, மண்டை இடிக்கிறது என்று சொன்னால், "ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வேலைதானே தம்பி, அதுல என்ன வலி?" என்கிறார்கள். நானும் அதே வேலையில் இருப்பவன். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கோபம் வந்துதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முந்தியில் ஒரு மயில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை முழுக்க கிராஃப் கட்டம். ஒவ்வொரு கட்டமும் நீளவாக்கில் ஓடுகிற ஒரு பாவு நூலும் குறுக்கே ஓடுகிற ஒரு ஊடை நூலும் சந்திக்கிற இடம். எங்கே நூல் தூக்க வேண்டும், எங்கே தூக்கக் கூடாது என்று, தறி மேல் இருந்து நூலைத் தூக்குகிற ஜக்கார்டு கருவிக்குக் கட்டம் கட்டமாகச் சொல்வதுதான் டிசைன். படத்தைக் கட்டமாக மாற்ற சாஃப்ட்வேர் இருக்கிறது, சரி. ஆனால் மயிலின் கழுத்து வளைவில் ஓரமெல்லாம் பிசிறு அடித்து நிற்கும். அதைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாக மவுஸால் தொட்டுத்தான் சரி செய்ய வேண்டும். கட்டம் பிசகினால் அந்த இடத்தில் நூல் பிடிப்பில்லாமல் நீளமாக மிதக்கும். சேலை கட்டின முதல் நாளே வளையலில் மாட்டி இழுத்துக்கொண்டு வரும். அப்படி ஒரு தப்பு இருக்கிறதா என்று தேடும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்ப்போம். கண் இமைக்கவே தோன்றாது.

கேடு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சும்மா இருக்கும்போது மனிதர்கள் நிமிஷத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கண்ணீரை விழி மேல் பரப்புவது இமைதான். அந்தக் கண்ணீரும் வெறும் தண்ணீர் கிடையாது. இமையோரத்துச் சுரப்பிகளிலிருந்து வருகிற மெல்லிய எண்ணெய்ப் படலம் அதன் மேல் மூடியிருப்பதால்தான் சீக்கிரம் ஆவியாகாமல் நிற்கிறது. இமைப்பது குறைந்தால், அல்லது பாதிதான் மூடித் திறந்தால், அந்தப் படலம் ஒழுங்காகப் பரவாது. கூடவே ஏசியும் முகத்துக்கு நேராக ஒரு ஃபேனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், மண் விழுந்த மாதிரி உறுத்தும். "எனக்குக் கண்ணுல தண்ணியா கொட்டுது, இதுல எங்க வறட்சி?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. காய்ந்த கண் எரிச்சல் தாங்காமல்தான் அப்படிக் கொட்டும்.

இன்னொன்று கண்ணுக்குள் இருக்கிற தசை. கிட்டத்தில் பார்க்க அது சுருங்கி, லென்ஸை உப்ப வைக்க வேண்டும். காலையிலிருந்து ராத்திரி வரை சுருங்கியே இருந்துவிட்டு, வேலை முடிந்து வண்டியை எடுத்தால் எதிரே வருகிற பஸ்ஸின் போர்டு கலங்கலாகத் தெரியும். 20 அடிக்கு அப்பால் பார்க்கும்போது அந்தத் தசை தளர்கிறது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 வினாடி பார் என்கிற விதி அதிலிருந்து வந்ததுதான். 1990களில் ஜெஃப்ரி ஆன்ஷெல் என்கிற அமெரிக்கக் கண் பரிசோதகர் பரப்பியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஒரு நிமிஷம். எட்டு மணி நேர வேலையில் எட்டு நிமிஷம். இதைக்கூட ஒரு தொழில் தர முடியாதா?

எங்கள் பக்கம் எந்த மொட்டை மாடியில் நின்றாலும் கஞ்சமலை தெரியும். சேலம் டவுனில் இருப்பவர்களுக்குச் சேர்வராயன் மலை. ஆனால் டிசைன் சென்டர்களில் ஜன்னல் எல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி மூடியிருக்கும். திரையில் வெளிச்சம் அடிக்கிறதாம். ஜன்னல் பக்கவாட்டில் வருகிற மாதிரி மேசையைத் திருப்பிப் போட்டாலே போதும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று ஒன்றைத் தலையில் கட்டுகிறார்கள். மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காசுக்கு ஒழுங்காகக் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். புத்தகம் படிக்கத் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தால் சரிவராது, ஏனென்றால் திரை இன்னும் தள்ளி இருக்கிறது. எட்டிக் குனிந்து பார்ப்பார்கள், கழுத்து போய்விடும். பரிசோதனைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம் என்று இஞ்ச் டேப் வைத்து அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கே கண்ணாடி எழுதித் தருவார்கள்.

அப்புறம், மெடிக்கலில் "கண் சிவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க" என்று வாங்கிப் போடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டவுடன் சுகமாக இருக்கும், சிவப்பு போய்விடும். டாக்டர் பார்க்காமல் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. திரையைப் பார்ப்பதால் யாரும் குருடாவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். இந்த மருந்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

கழுத்து, இடுப்பு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ராத்திரித் தூக்கத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் விழிப்பு வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம்.

முதலாளிகளிடம் ஒரு வார்த்தை. "நீதான் உன் உடம்பைப் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. டிசைனுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிற இடத்தில், தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது, எந்தப் பையன் எழுந்து மலையைப் பார்ப்பான்? முன்பெல்லாம் டீக்காவது வெளியே போவோம். இப்போது டீயும் மேசைக்கே வந்துவிடுகிறது, அந்தப் பத்து நிமிஷமும் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு சென்டரில் மட்டும் டீ கேனை மாடிப்படி மேலே, வெளியில் வைக்கிறார்கள். எல்லோரும் ஏறிப்போய் நின்று குடித்துவிட்டு வருகிறார்கள். அதனால் டிசைன் தாமதமானதாக அந்த ஓனரும் சொல்லவில்லை, ஜக்கார்டில் மாட்டுகிற டிசைன் அட்டைக்குக் காத்திருக்கிற தறிக்காரர்களும் சொல்லவில்லை.