டாயில் அலெக்ஸாண்டரை வாங்கியது அத்தனை பெரிய தவறா?

பேஸ்பால் வரலாற்றின் மோசமான டிரேட்கள் (அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) என்று யார் பட்டியல் போட்டாலும், 1987 ஆகஸ்ட் 12 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் செய்த பரிமாற்றம் அதில் எப்படியும் இடம்பிடித்துவிடுகிறது. அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து டாயில் அலெக்ஸாண்டர் என்ற 36 வயது பிட்சரை, அதாவது பந்தெறிபவரை, வாங்கிக்கொண்டு, கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீகில் ஆடிக்கொண்டிருந்த 20 வயதுப் பையனைக் கொடுத்தார்கள். பையனின் பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ், பின்னாளில் பேஸ்பாலின் பெரிய பிட்சர்களில் ஒருவர். மீதிக் கதை தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கோ அந்தப் பட்டியல்காரர்கள் மீதுதான் கோபம் வருகிறது.

அன்றைய விதியிலிருந்து தொடங்க வேண்டும். 1987-இல் ஒவ்வொரு லீகிலும் இரண்டே பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடித்தவருக்கு மட்டுமே பிளேஆஃப். இரண்டாம் இடத்துக்கு வீட்டுக்கு டிக்கெட். இப்போது ஒரு லீகின் 15 அணிகளில் ஆறு பிளேஆஃப் போகின்றன. அதனால் இன்று ஒரு பிட்சரை வாங்கி இரண்டு வெற்றி கூடினால், பல சமயம் அது வெறும் அலங்காரம். அன்று அந்த இரண்டு வெற்றிதான் எல்லாமே.

டைகர்ஸ் அந்த ஆண்டு 98 ஆட்டம் வென்றது, அதே பிரிவின் டொராண்டோ புளூ ஜேஸ் 96. இடைவெளி இரண்டே ஆட்டம். வந்து சேர்ந்த அலெக்ஸாண்டர் தொடங்கிய 11 ஆட்டங்களில் அவர் கணக்கில் 9 வெற்றி, தோல்வியே இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.53. கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் களமிறங்குவார், ஆனால் இறங்கும் அன்று ஆட்டத்தின் பெரும்பகுதி அவர் கையில். கடைசி வாரத்தில் டொராண்டோ மூன்றரை ஆட்டம் முன்னிலையில் இருந்து, மீதமிருந்த ஏழு ஆட்டங்களையும் தோற்றது. முடிவைத் தீர்மானித்த கடைசி மூன்று ஆட்டங்களில் இரு அணிகளும் டெட்ராய்ட்டில் மோதின. அதில் முதல் ஆட்டத்தை 4-3 என்று வென்று கொடுத்தவர் அலெக்ஸாண்டர். இந்த மனிதர் இல்லாமல் பிரிவின் முதலிடக் கொடி இல்லை. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

'விதைநெல்லை விற்றுத் தின்றார்கள்' என்பதுதான் எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. சரி, அந்த நெல் அன்று எப்படி இருந்தது? அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஸ்மோல்ட்ஸ் 1985-இல் 22-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். பரிமாற்றத்தின்போது இரண்டாம் நிலை மைனர் லீகான டபுள்-ஏ-வில், கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற ஊரில், 4 வெற்றி, 10 தோல்வி, சராசரி 5.68. வேகம் உண்டு, கட்டுப்பாடு இல்லை. அப்படிப்பட்ட இளம் பிட்சர்களில் பெரும்பாலானோர் தோள்வலியோடும் முழங்கை அறுவைச் சிகிச்சையோடும் காணாமல் போகிறார்கள். அதே டைகர்ஸ் முப்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவை ஒட்டி, மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தது. தன் நட்சத்திர பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்குக் கொடுத்து மூன்று இளைஞர்களை வாங்கியது. அவர்களில் முக்கியமானவராகக் கருதப்பட்ட பிட்சர் ஃபிராங்க்ளின் பெரெஸ், டெட்ராய்ட்டுக்காக மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை. வெர்லாண்டரோ அந்த இலையுதிர் காலத்திலேயே ஹூஸ்டனோடு மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் கோப்பையைத் தூக்கினார்.

இழப்பு சிறியது என்று நான் சொல்லவில்லை. ஸ்மோல்ட்ஸின் கணக்கு: 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் இறங்கி முன்னிலையைக் காத்துக் கொடுத்தவை), 3,084 ஸ்டிரைக்அவுட் (மட்டையாளரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றியவை), 2015-இல் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம். குத்த வேண்டுமென்றால் 1996-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஸ்மோல்ட்ஸ் 24 வெற்றியோடு, லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். டைகர்ஸ் 109 ஆட்டம் தோற்றது, அணியின் பந்துவீச்சுச் சராசரி 6.38. போதாதற்கு ஸ்மோல்ட்ஸ் டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில், லான்சிங்கில் வளர்ந்தவர்; அவருடைய தாத்தா டைகர் ஸ்டேடியத்திலேயே வேலை பார்த்தவர். உள்ளூர்ப் பிள்ளையை அனுப்பிவிட்ட வலி கணக்கில் வராது, ஆனால் இருக்கிறது.

டெட்ராய்ட்டில் இருந்திருந்தால் அவர் இந்த ஸ்மோல்ட்ஸாக வளர்ந்திருப்பாரா என்று சிலர் கேட்பார்கள். பாதிதான் ஏற்கிறேன். 1988-இல் அட்லாண்டா 106 ஆட்டம் தோற்ற அணி. ஒரு பையன் 2-7 (2 வெற்றி, 7 தோல்வி) என்று தடுமாறினாலும் அங்கே யாருக்கும் அவசரமில்லை. 1991-இன் முதல் பாதியில் 2-11 என்று இருந்தவரையும் தொடர்ந்து களத்துக்கு அனுப்பினார்கள். பிற்பாதியில் 12-2 என்று திருப்பிக் கொடுத்தார். டெட்ராய்ட்டில் இந்தப் பொறுமை கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனாலும் திறமை அவருடையது; அதைப் பயிற்சியாளர்கள் கணக்கில் முழுதாக எழுதிவிட முடியாது.

அன்றைய டைகர்ஸ் அணியின் வயதையும் பார்க்க வேண்டும். டாரெல் எவன்ஸுக்கு 40. லான்ஸ் பாரிஷ் ஏற்கெனவே போய்விட்டார், கர்க் கிப்சன் அடுத்த ஆண்டு போகப்போகிறார். 1984-இல் கோப்பை வென்ற கூட்டத்துக்கு எஞ்சியிருந்தது ஒன்றோ இரண்டோ ஆண்டு. 1988-இல் ஒரே ஆட்டத்தில் முதலிடத்தைத் தவறவிட்டார்கள், 1989-இல் 103 தோல்வி. பொது மேலாளர் பில் லஜோய் காத்திருந்திருந்தால் எதற்காகக் காத்திருப்பது?

உண்மையான ஏமாற்றம் அக்டோபரில்தான். 85 ஆட்டம் மட்டுமே வென்ற மினசோட்டாவிடம் பிளேஆஃப் தொடரை டைகர்ஸ் 4-1 என்று தோற்றது. அலெக்ஸாண்டர் தொடங்கிய இரண்டு ஆட்டமும் தோல்வி, சராசரி 10. அந்த ஒரு வாரம் மாறியிருந்தால் இன்று இந்த டிரேடை யாரும் திட்டியிருக்க மாட்டார்கள்.

பட்டியல்காரர்கள் எடுத்துக்கொள்ளாத இன்னொன்று உண்டு. அலெக்ஸாண்டரை அட்லாண்டாவுக்கு அனுப்பியதே டொராண்டோதான், 1986 ஜூலையில், டுவேன் வார்டு என்ற இளம் பிட்சருக்காக. மறு ஆண்டே அந்த அலெக்ஸாண்டர் திரும்பி வந்து அவர்கள் வாயிலிருந்த கொடியைப் பிடுங்கிக்கொண்டு போனார். ஆனால் வார்டு 1993-இல் 45 சேவ் எடுத்தார். 1992-லும் 1993-லும் டொராண்டோ வேர்ல்ட் சீரிஸ் வென்றது. அந்த டிரேடை முட்டாள்தனம் என்று ஒருவரும் சொல்வதில்லை.